கொதிச்சா மருந்தில்லையா?

"கொதிச்சா அது மருந்தில்ல புள்ள, தேத்தண்ணி."

மருந்து கரைக்கும் பாலைக் காய்ச்சச் சொன்னதற்கு, மட்டக்களப்பு மயிலத்தமடுவில் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் வீட்டு ஆச்சி சொன்னது. "அப்ப தேத்தண்ணியாவே குடிக்கட்டும் ஆச்சி, பச்சையாக் குடுக்காதீங்க" என்றேன். குடும்பநல உத்தியோகத்தரான நான் வேறு என்ன சொல்வது? பதில் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு ஆச்சி என்னோடு மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்த மருமகளுக்கு அவர் கொடுத்தது சாத்தாவாரிக் கிழங்கு. தோலை உரித்து, நடு நரம்பை இழுத்தெறிந்து, அம்மியில் மைபோல அரைத்து, கறந்த சூடு ஆறாத பாலில் கரைத்து வெறுவயிற்றில் குடிக்க வேண்டும். கிழங்கில் எனக்குக் குறையில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் வேர்க்கொம்பு, மிளகு, மல்லி, நற்சீரகம், உள்ளி சேர்த்து அரைக்கும் சரக்கையும் நான் தடுப்பதில்லை. வயிறு ஊதும் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதற்குத்தான் சண்டை பிடிப்பேன். இந்த வெயிலில் பால் கொடுக்கும் உடம்புக்கு அது தாங்காது.

இங்கே ஆபத்து பாலில். கன்று வீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்) உள்ள மாடு பெரும்பாலும் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்று வீசும், அதாவது கரு கலையும்; இளங்கொடியும் (நஞ்சுக்கொடி) விழாமல் நிற்கும். அடுத்த ஈற்றில் நல்ல கன்று போட்டுக் கொழுகொழுவென்று நின்றாலும் பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விழாத கொடியை வெறுங்கையால் இழுப்பவருக்கும் தொற்றும், அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுபவருக்கும் தொற்றும். மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, இடுப்பு முழங்கால் நோ. கர்ப்பிணிக்குக் கருவும் கலையலாம். இந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான் என்று சொல்ல என் கையில் இரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் இல்லை. கரு கலைய வேறு காரணங்களும் எத்தனையோ.

கொதிக்க வைப்பது நாட்டு மருத்துவத்துக்குப் புதிதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. பால் கஷாயத்துக்கு மருந்து ஒரு பங்கு, பால் எட்டு, தண்ணீர் முப்பத்திரண்டு. தண்ணீரெல்லாம் வற்றிப் பால் மட்டும் நிற்கும்வரை காய்ச்ச வேண்டும். 15 கிராம் கிழங்குக்கு 120 மில்லி பால், 480 மில்லி தண்ணீர். அதைக் காய்ச்சி முடிக்கும்போது இந்தக் கிருமி மிஞ்சாது. வெறும் பாலென்றால் பொங்கியதும் இறக்கிவிடுகிறார்கள். ஆடை கட்டிப் பொங்கும்போது உள்ளே முழுதும் கொதித்திருக்காது. தீயைத் தணித்துக் கிளறி, இன்னும் சில நிமிடம் விட வேண்டும். அதே வீட்டில் விற்கிற தயிருக்குப் பாலைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் உறை ஊற்றுகிறார்கள். ஊருக்குக் காய்ச்சிய பால், வீட்டுப் பெண்ணுக்குப் பச்சைப்பால்!

இந்தக் கணக்கை ஆச்சியிடம் சொல்லியிருந்தால்? அவர் கைமருந்தையே எடுத்து அவருக்கு விளக்குவது கெட்டித்தனம் என்று நினைத்திருப்பாரோ, அல்லது "அப்பிடியெண்டா காய்ச்சுறன்" என்றிருப்பாரோ. கிளினிக்கில் வரிசை நிற்கும்போது ஒரு வசனத்துக்குத்தான் நேரம். இருந்தாலும் அந்த ஒரு வசனத்தை மருமகளுக்கு முன்னால் வைத்துச் சொல்லியிருக்க வேண்டுமா என்று யோசிக்கிறேன். பதில் சொல்ல வாய் திறந்தவள் மாமியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

இப்போது கர்ப்பிணியிடம் "பட்டியில மாடு ஏதும் கன்று வீசினதா?" என்றும் கேட்கிறேன். அட்டையில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதிவைக்கிறேன். ஆம் என்றால் கால்நடை வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தி வெளியே போனால், காய்ச்சிய பாலில் போட்ட தயிரையும் ஆட்கள் வாங்கமாட்டார்கள். மேய்ச்சல் தரைக்காக 2023இலிருந்து தெருவில் நின்று போராடிய குடும்பங்கள் இவை. ஆகவே கேள்வியைத் தனியாகத்தான் கேட்கிறேன். ஆனால் தனியாகக் கேட்டால் ஆச்சிமார் காதுக்கு எட்டாது; பாலைக் கறந்து மருந்து கரைப்பது அவர்கள்தான்.