எங்கள் எஸ்டருக்கு மீன் சோதனை வேண்டுமா? ஒரு ரீச் கோப்பின் அனுபவம்

நான் வேலை பார்க்கும் ஆலை, பிளாஸ்டிக்கை மிருதுவாக்கப் பயன்படும் ஓர் எஸ்டரைத் தயாரித்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் உற்பத்தியாளர் அங்கே தன் பெயரில் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. ரசாயனப் பொருள்களைப் பதிவு செய்யக் கோரும், 2006இல் இயற்றப்பட்ட ஐரோப்பாவின் ரீச் சட்டப்படி ஒன்றியத்துக்குள்ளேயே 'ஒரே பிரதிநிதி' ஒருவரை நியமித்து, அவர் வழியாகத்தான் ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய ரசாயன முகமைக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். எங்கள் ஏற்றுமதி ஆண்டுக்கு 100 டன்னைத் தாண்டியதும், அதுவரை எங்களைத் தொடாத, அச்சட்டத்தின் ஒன்பதாம் பின்னிணைப்பு எங்களுக்கும் பொருந்தியது. அதில் கேட்கப்படுபவற்றுள் ஒன்று மீன்களில் நீண்டகால நச்சுச் சோதனை.

"மீன்தான் சாகவில்லையே, அப்புறம் எதற்கு இன்னொரு சோதனை?" என்று எங்கள் மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. நாங்கள் முன்பே செய்திருந்த 96 மணி நேரச் சோதனையில், அந்த எஸ்டர் நீரில் எவ்வளவு கரையுமோ அவ்வளவையும் கரைத்த பிறகும் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்த அறிக்கையை முன்வைத்து, சோதனைக்கு அவசியமில்லை என்று இரண்டு பக்க விளக்கம் எழுதி முடித்துவிட்டேன். அதைப் பிரதிநிதி திருப்பி அனுப்பியபோது கூடவே ஒரே ஒரு வரிதான் இருந்தது: "கரைதிறன் அறிக்கையை மறுபடி பாருங்கள்."

பார்த்தேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று இருந்தது. குடுவையில் குலுக்கி அளந்திருந்தார்கள். இணைப்பில் இருந்த புகைப்படத்தில் அந்தக் குடுவை நீர் கழுநீர் போலக் கலங்கியிருந்தது. கரைந்ததையும் துளித்துளியாக மிதந்ததையும் சேர்த்து அளந்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. 10 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரையும் பொருளுக்கு உரிய நிரல் முறையில், அதாவது பொருள் பூசிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாக நீரை மெதுவாக ஓட்டி, மறுபடி அளக்கச் சொன்னோம், 0.3 மில்லிகிராம் என்று வந்தது. இந்தத் துறையில் 1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது நீரில் அரிதாகக் கரையும் பொருள். அத்தகைய பொருளுக்கு 96 மணி நேரச் சோதனை பெரிதாக எதையும் சொல்லாது. குறுகியகாலச் சோதனைக்குப் பதிலாக நீண்டகாலச் சோதனையைக் கருத வேண்டும் என்று எட்டாம் பின்னிணைப்பே சொல்கிறது. காரணம் எளிமையானதுதான். எங்கள் எஸ்டர் நீரைவிடக் கொழுப்பையே பெரிதும் நாடும் பொருள். அந்த நாட்டத்தைக் காட்டும் ஆக்டனால்–நீர்ப் பகிர்வுக் கெழுவின் மடக்கை 5க்கு மேல். அத்தகைய மூலக்கூறு மீனின் உடலுக்குள் மெதுவாகத்தான் சேரும். நான்கு நாளில் சமநிலைக்கே வந்திராது. மீன் சாகவில்லை என்பதற்கு, சாகுமளவுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

அடுத்ததாக நான் நம்பியிருந்தது இடர் மதிப்பீட்டு வாதம். டாப்னியா என்ற நீர்த்தெள்ளில் 21 நாள் இனப்பெருக்கச் சோதனையும் பாசியில் வளர்ச்சிச் சோதனையும் கையில் இருந்தன. இரண்டில் டாப்னியாவின் முடிவே குறைவு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை விளைவில்லை. உணவுச் சங்கிலியின் இரண்டு நிலைகளுக்கு (இங்கே பாசி, நீர்த்தெள்) மட்டும் நீண்டகாலத் தரவு இருந்தால், குறைந்த மதிப்பை 50ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 1 மைக்ரோகிராம். நீரில் இருக்கக்கூடிய அளவை இந்தப் பாதுகாப்பான அளவால் வகுத்தால், எங்கள் பயன்பாடுகளில் மிக மோசமானதற்கும் 0.8தான் வந்தது. 1க்குக் கீழே இருந்தால் இடர் கட்டுக்குள் இருக்கிறது என்று கணக்கு. முதலில் டாப்னியா சோதனை, அதில் இடர் தெரியாவிட்டால் மீன் சோதனை வேண்டாம் என்ற படிமுறையை முகமையின் வழிகாட்டியே முன்பு சொல்லியிருந்தது. பழைய முடிவுகளிலும் அந்த வாசகம் உண்டு. எங்கள் கோப்பு முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

ஆனால் முகமையின் மேல்முறையீட்டு வாரியம் 2020இல் ஒரு வழக்கில் அந்தப் படிமுறைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று முடிவு செய்துவிட்டது. பின்னிணைப்பு அட்டவணையின் முதல் நெடுவரிசை மீன் சோதனையைக் கேட்கிறது. இரண்டாம் நெடுவரிசை, இடர் மதிப்பீடு தேவையைக் காட்டினால் சோதனைகளை முன்மொழிய வேண்டும் என்கிறது. 'தேவையைக் காட்டாவிட்டால் விட்டுவிடலாம்' என்று அதைத் திருப்பிப் படிக்க முடியாது என்பது வாரியத்தின் நிலைப்பாடு. சட்ட வாசகத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன்; அவர்கள் சொல்வதே சரி என்று தோன்றியது. எங்களுக்கு வசதியான பொருளை நாங்களே அதில் ஏற்றிப் படித்திருக்கிறோம்.

மிச்சமிருந்த வழிகளும் நீளவில்லை. இரண்டு கார்பன் குறைந்த ஓர் உறவுக்கார எஸ்டரின் தரவை எங்களுடையதற்கு ஏற்றிச் சொல்ல முயன்றோம். அது நீரில் எங்களுடையதைவிட வேகமாக உடைகிறது, ஆகவே ஒப்பீடு அங்கேயே முறிந்தது. கணினி மாதிரி ஓர் எண்ணைத் தந்தது, ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு சோதனையைத் தவிர்க்க முடியாது. சூழலில் கலக்கவே கலக்காது என்று வாதிடலாம் என்றால், பிளாஸ்டிக் தரைவிரிப்பிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்து வரும் பொருளுக்கு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

முதுகெலும்புள்ள விலங்குகளில் செய்யும் சோதனை கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது ரீச்சின் விதி. அதனால் ஒன்பதாம் பின்னிணைப்புச் சோதனையை நாமாகத் தொடங்கிவிட முடியாது. முதலில் சோதனை முன்மொழிவு அனுப்ப வேண்டும், வேறு யாரிடமாவது தரவு இருந்தால் தெரிவிக்கும்படி முகமை 45 நாள் அவகாசம் தரும். எங்கள் எஸ்டருக்கு எதுவும் வரவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) 210ஆம் சோதனை முறை, அதாவது மீனின் இளம்பருவச் சோதனையைச் செய்யுமாறு முடிவு வந்தது.

2011 முதல், ஒரு நாட்டில் செய்த சோதனையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஓஇசிடியின் பரஸ்பரத் தரவு ஏற்பு ஏற்பாட்டில் இந்தியா முழு உறுப்பு நிலையில் இருப்பதால், நல்ல ஆய்வக நடைமுறைச் (ஜிஎல்பி) சான்று பெற்ற இங்குள்ள கூடத்திலேயே செய்ய முடிந்தது. தேர்ந்தெடுத்த மீன் சீப்ரா. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளில் தொட்டி தொட்டியாக விற்கும் அதே வரி மீன்தான், தெற்காசிய ஓடைகளே அதன் சொந்த ஊர். ஐந்து செறிவுகள், ஒரு கட்டுப்பாட்டுத் தொட்டி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 80 முட்டைகள், குஞ்சு பொரித்த பின் 30 நாள்.

தொடங்கிய வாரம் கூடத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தட்டில் முட்டைகள் ஜவ்வரிசி மணிகளைப் போலத் தெளிவாக இருந்தன. நுண்ணோக்கியில் சில முட்டைகளுக்குள் குஞ்சு சுருண்டு துடித்துக்கொண்டிருந்தது. கரைப்பான் சேர்க்காமல், எஸ்டர் பூசிய மணிகள் நிரம்பிய குழாய் வழியாக நீரை மெதுவாக ஓட்டி நிறைகரைசல் தயாரித்தார்கள். பழைய கலங்கிய குடுவையை நினைத்துக்கொண்டேன். சிக்கல் பின்னால்தான் வந்தது. குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலை இரையாகக் கொடுக்கத் தொடங்கியதும் நீரில் எஸ்டரின் செறிவு சரிந்தது. இரையின் மிச்சத்தில் அது ஒட்டிக்கொண்டது. நீரோட்டத்தைக் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை கழிவை உறிஞ்சி எடுத்து, நினைத்த செறிவை விட்டு அளந்த செறிவையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுப்பாட்டில் பொரிப்பு 70 சதவீதமும், பொரித்த பின் பிழைப்பு 75 சதவீதமும் இருந்தால்தான் சோதனை செல்லும், இரண்டும் தாண்டின. எந்தச் செறிவிலும் சாவு கூடவில்லை. ஆனால் மேல் இரண்டு செறிவுகளில் குஞ்சுகள் குட்டையாக இருந்தன. வளர்ச்சியில் 10 சதவீத விளைவு லிட்டருக்கு 0.03 மில்லிகிராமில் தெரிந்தது. டாப்னியாவைவிட மீனே மென்மை. மேலாளரிடம் வரைபடத்தைக் காட்டியபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சூழலில் நிலைத்து, உடலில் சேரும் நச்சுப் பொருள்களை இனங்காணும் ரீச்சின் அளவுகோலில் 'நச்சு' என்பதற்கான 0.01 மில்லிகிராம் கோட்டுக்கு மேலேயே நின்றது எங்களுக்கு ஆறுதல். வேடிக்கை என்னவென்றால், மூன்று உணவுநிலைகளுக்கும் தரவு வந்துவிட்டதால் இப்போது வகுப்பது 50ஆல் அல்ல, 10ஆல். பாதுகாப்பான அளவு 1 மைக்ரோகிராமிலிருந்து 3க்கு உயர்ந்தது, 0.8 என்ற விகிதம் 0.3க்கும் கீழே இறங்கியது. எந்தச் சோதனையைத் தவிர்க்க ஓராண்டு எழுதிக்கொண்டிருந்தேனோ அதுதான் எங்கள் கணக்கை விரிவாக்கித் தந்தது. கோப்பைப் புதுப்பித்து அனுப்பினோம். மறுவாரமே, இத்தனை கொழுப்புநாட்டம் உள்ள பொருள் வண்டலில் படியும் அல்லவா, வண்டல் உயிரிகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று பிரதிநிதி கேட்டிருந்தார்.