போக்ரான் வந்தாச்சு
ராஜஸ்தான்ல ஜோத்பூர்லேர்ந்து சைக்கிள்ல கிளம்பி இன்னைக்கு மூணாம் நாள். ஜெய்சல்மேருக்கு இன்னும் 110 கிலோமீட்டர் இருக்கு.

வெயிலைக்கூடத் தாங்கிக்கலாம், எதிர்காத்துதான் கஷ்டம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒட்டிப் போறோம். முன்னாடி போறவரை பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாத்திக்கிறோம்.

தார்ப் பாலைவனத்துல நிழல்னா கேஜ்ரி மரம்தான். நம்ம வன்னி மரமேதான் அது! 1730-ல ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்துல, இந்த மரங்களை வெட்ட விடாம கட்டிப்பிடிச்சு பிஷ்னோய்ங்கிற சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிரை விட்டிருக்காங்க. அதே வகை மரத்தடியில உட்கார்ந்து தண்ணி குடிச்சப்போ எங்க யாருக்கும் பேச்சே வரலை.

புற்றுநோயோட போராடுற குழந்தைங்க சிகிச்சைக்காகத்தான் இவ்வளவு தூரம் மிதிக்கிறோம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்னு கொடுத்தாலும் சந்தோஷம். முடிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க. விடியுறதுக்குள்ள கிளம்பணும்.