பழைய சிஸ்டத்துக்கு கிராபிக்ஸ் கார்டா? மொதல்ல எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர படிங்க

பத்து வருஷம் தாண்டின டெஸ்க்டாப்ப காட்டி இதுக்கு கிராபிக்ஸ் கார்டு போடலாமான்னு வேலூர்ல எந்த கடையில கேட்டாலும் ஒரே பதில்தான், "இதுக்கு போய் இன்னாத்துக்குணா துட்டு போடறீங்க, புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணிடலாம்". அவங்க பொழப்பு அது, தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ராம் விலை இப்ப ஏறி கெடக்கற ஏத்தத்துல புது சிஸ்டம்னா போர்டு, ப்ராசஸர், ராம், எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டின்னு ஒண்ண தொட்டா எல்லாத்தையும் தொடணும். எங்கூட்ல இருக்கறது ஐ5 4460 ப்ராசஸர், ஹெச்81 போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ராம். எஸ்எஸ்டி போட்டதுலேர்ந்து என் வேலைக்கு ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் லீவுக்கு வர்ற அக்கா பையனுக்குதான், பிளெண்டர்னு 3டி சாஃப்ட்வேர் கத்துக்கறேன்னு சொல்லிகினு ஜிடிஏ ஃபைவ் கேம் ஆடற வயசு, அதுல இருந்ததோ ஜிடி 710 கார்டு. மானிட்டர்ல படம் காட்டும், அதோட அது வேலை முடிஞ்சிது.

"மாமா, கேம்ல வெளிச்சம், நெழலெல்லாம் நெசம் மாதிரி காட்டுமே, அந்த ரே ட்ரேசிங் வருமா?"

"மொதல்ல டிஸ்ப்ளே வரட்டும்டா."

பழைய சிஸ்டத்துக்கு கார்டு வாங்கற எல்லாரும் கார்டோட பவரதான் பாக்கறாங்க, எந்த யூட்யூப் வீடியோவ தொறந்தாலும் செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வருது, எஃப்பிஎஸ் எஃப்பிஎஸ்னு அதேதான், ஆனா அந்த பவர தாங்கறது கேபினெட்டுக்குள்ள இருக்கற மத்த சாமான்தானே, அத ஒருத்தரும் கழட்டி காட்டறதில்ல. நான் சைடு பேனல கழட்டி மொதல்ல பாத்தது எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரதான். மேல பெருசா 450 வாட்னு போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல +12வி-க்கு நேரா 16 ஆம்பியர். ப்ராசஸர், கார்டு ரெண்டுமே குடிக்கறது அந்த 12 வோல்ட்ட, அப்ப 12 இன்டு 16, 192 வாட்தான் நெசமா நமக்கு கையில இருக்கறது. 4460-க்கு 84 வாட். போர்டுல கார்டு சொருகற பிசிஐஇ ஸ்லாட் வழியா கார்டு எடுக்கற உச்சம் 75 வாட். மிச்சம் இருக்கறத ஹார்ட் டிஸ்க்கும் ஃபேனும் பிரிச்சிக்கும். ஆக, தனியா பவர் கேபிள் சொருகாத கார்டுதான், அதுக்கு மேல போனா எஸ்எம்பிஎஸ்ஸும் மாத்தணும்.

கடையில ஒரு தம்பி, செகண்ட்ஸ்ல ஆர்எக்ஸ் 580 இருக்குணா, 8 ஜிபி, வெல கம்மின்னு ஆசை காட்டினாரு. 8 ஜிபி உண்மைதான், ஆனா அது 185 வாட் கார்டு, என் எஸ்எம்பிஎஸ்ல போட்டா கேம் லோடிங் ஸ்க்ரீன்லயே சிஸ்டம் படுத்துக்கும். எஸ்எம்பிஎஸ்ஸும் சேத்து மாத்தினா அந்த கம்மி வெல எங்க போவுதுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அந்த மாடல் ஈத்தரியம்ன்ற கிரிப்டோ காச கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு சம்பாதிக்கற மைனிங்ல ராப்பகலா ஓடினதுல பேர் போன கார்டு வேற. 2022 செப்டம்பர்ல ஈத்தரியம் மைனிங்க விட்டுட்டு வேற முறைக்கு மாறினதும் அதெல்லாம் மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, எது எவ்ளோ நாள் வெந்துச்சுன்னு வெளிய பாத்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான், குட்டி கார்டு, பாக்க நம்மளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், அங்கதான் உஷாரா இருக்கணும். அந்த கார்டுக்கு நாலு லேன்தான், அதாவது போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை நாலுதான். பிசிஐஇ 4.0 இருக்கற புது போர்டுல அந்த நாலு லேன்லயே செகண்டுக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி போவும். ஹெச்81-ல ஸ்லாட்டே பிசிஐஇ 2.0, அங்க அதே நாலு லேன்ல 2 ஜிபிதான். கார்டுல இருக்கற 4 ஜிபி மெமரி ரொம்பி வழியசொல்ல சிஸ்டம் ராம்லேர்ந்து இழுக்கணும் இல்லையா, அப்ப சத்துவாச்சாரி பக்கம் சாயங்காலம் ஹைவேல வண்டி நிக்கற மாதிரி நின்னு நின்னு வரும். அதுல வீடியோவ சுருக்கி சேவ் பண்ற என்கோடரும் கெடையாது, கேம் ரெக்கார்ட் பண்ணணும்னு நெனைக்கற பசங்களுக்கு அதுவும் அடி.

மிஞ்சினது மூணு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650, ஆர்டிஎக்ஸ் 3050-ல 6 ஜிபி மாடல். 1050 டிஐ என்விடியாவோட பாஸ்கல் தலமுறை கார்டு, அதுக்கு என்விடியா 2025 அக்டோபரோட கேம் ரெடி டிரைவர நிறுத்திட்டாங்க, இனிமே 2028 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும்தான். இப்ப போய் துட்டு குடுத்து அத வாங்கறதுல அர்த்தம் இல்ல. அந்த பேர்ல டூப்ளிகேட்டும் ஜாஸ்தி, அதுக்கும் முந்தின ஃபெர்மி தலமுறை சிப்புல, கார்டுக்குள்ள இருக்கற பயாஸ் சாஃப்ட்வேர மாத்தி 1050 டிஐன்னு காட்ட வெச்சிருப்பாங்க, பின்னாடி நீல கலர்ல விஜிஏ போர்ட் இருந்தா அப்பவே சந்தேகப்படுங்க. ஜிபியு-இசட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, போட்டு பாத்தா போலின்னு அதுவே எழுதி காட்டும், பென்டிரைவ்ல வெச்சிகினு கடைக்கு போங்க.

3050 6 ஜிபி 2024-ல வந்தது, 70 வாட், எட்டு லேன், எல்லாம் சரி, ரே ட்ரேசிங்கும் இருக்கு. புதுசா வாங்கறதுன்னா என் ஓட்டு அதுக்குதான். ஆனா நாலு கோர் ப்ராசஸர் வெச்சிகினு அவ்ளோ போடறதுக்கு எனக்கு மனசு வரல, அதனால செகண்ட்ஸ்ல 1650. பதினாறு லேன், பாஸ்கலுக்கு பின்னாடி வந்த டூரிங் தலமுறை கார்டுன்றதால டிரைவர் இன்னும் வருது. 1650-லயும் சில மாடல்ல தனியா பவர் கேபிள் சொருகற 6-பின் கனெக்டர் இருக்கும், படத்த பாத்து ஏமாறாம கார்டோட மேல் ஓரத்த பாத்து வாங்கணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போலாமான்னு யோசிச்சேன், காட்பாடியில ரயில் ஏறினா ரெண்டு மணி நேரம்தான், ஆனா கண்ணெதிர்ல சிஸ்டத்துல போட்டு ஓட்டி காட்றேன்னு இங்கயே ஒரு கடைக்காரர் சொன்னாரு, அதுக்காகவே இங்க வாங்கினேன்.

மாட்டறது பெரிய விஷயமே இல்ல, பின்னாடி ஒரு ஸ்க்ரூ, ஸ்லாட் முனையில ஒரு குட்டி லாக். அந்த லாக்க அமுக்காம பழைய கார்ட இழுத்தா ஸ்லாட்டே பேந்துகினு வரும், அவ்ளோதான் ஜாக்கிரதை. என் மானிட்டர் விஜிஏ மட்டும் இருக்கற பழசு. 1650-ல விஜிஏ கெடையாது, டிவிஐ இருக்கற மாடலா இருந்தாலும் அனலாக் சிக்னல் வராது, அதனால அந்த காலத்து டிவிஐ டு விஜிஏ மண்டைய சொருகினா திரை கறுப்பாதான் இருக்கும். உள்ள சிப் இருக்கற ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வர்ட்டர் வாங்கணும். இது தெரியாம கார்டு போயிடுச்சின்னு திருப்பி குடுத்தவங்க எத்தன பேரோ.

இப்ப ஜிடிஏ நல்லாவே ஓடுது. டெக்ஸ்ச்சர் ஏத்தி வெக்கலாம், ஆனா பாப்புலேஷன் டென்சிட்டிய கொறச்சிடுங்க, அது கார்டுக்கு இல்ல, ப்ராசஸருக்கு சுமை.

பாக்கி இருக்கறது நம்ம ஊர் வெயில். சுத்தி மொட்டப்பாறை மலை, பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரி பூரா கக்கும், ரூம்லயே 37, 38 இருக்கசொல்ல கார்டு ஃபேன் அந்த காத்ததானே இழுத்து ஊதும். கேபினெட் பின்னாடி ஒரு 120 எம்எம் ஃபேன் போட்டேன், என்விடியா கன்ட்ரோல் பேனல்ல எஃப்பிஎஸ்ஸ 60-ல நிறுத்திட்டேன். மானிட்டரே 60 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல ஓடி கார்டு வேகறது யாருக்கு லாபம்? அக்கா பையன் மட்டும் ஒத்துக்கல, 90 வந்துச்சு மாமா, நீங்கதான் கொறச்சிட்டீங்கன்னு மூஞ்ச தூக்கி வெச்சிருக்கான்.