பிராங்பர்ட்டுக்குப் பக்கத்து ஊர்

பிராங்பர்ட் வருகிறவர்கள் யாரும் பக்கத்திலிருக்கும் ஜெர்மன் ஊற்று நகரமான பாட் ஹோம்பர்க் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எஸ்5 புறநகர் ரயில் ஏறினால் இருபது நிமிடம் சொச்சம், தாவுனுஸ் மலையடிவாரம், காலையில் பாதி ஊர் அதே ரயிலில் பிராங்பர்ட் வங்கிகளுக்குக் கிளம்பிவிடும். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பணக்காரர்கள் எல்லாம் இங்கேதான் வந்து காசை விட்டார்கள். பிளாங்க் சகோதரர்கள் 1841இல் இங்கே சூதாட்ட விடுதி தொடங்கி, ரூலெட் என்னும் சுழல் சக்கர ஆட்டத்தில், வழக்கமான இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு பூஜ்யம் வைத்து, அதாவது விடுதியின் லாபத்தைக் குறைத்து, கூட்டத்தை இழுத்தார்கள். 1866இல் ஊர் பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்யத்தின் கைக்குப் போக, 1872 முடிவில் சூதாட்டத்துக்குத் தடை. அதற்குள் அண்ணன் தம்பியில் பிரான்சுவா மொனாக்கோவின் மான்டி கார்லோ போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கே நடத்திய சூதாட்ட விடுதியின் கதை உலகத்துக்கே தெரியும்!

எனக்குப் பிடித்தது பூங்கா. அங்கே தங்கமும் சிவப்புமாக ஒரு சயாம் (இன்றைய தாய்லாந்து) மண்டபம் நிற்கிறது. 1907இல் இங்கே ஊற்றுத் தண்ணீர்ச் சிகிச்சைக்கு வந்த சயாம் மன்னர் சூலாலங்கோர்ன், உடம்பு தேறிய சந்தோஷத்தில் கொடுத்த பரிசு. அவர் பெயரில் ஓர் ஊற்றும் உண்டு. அப்புறம் அந்த ஊற்றுத் தண்ணீர்... உப்பு, கூடவே துருப்பிடித்த ஆணியை நக்கினது மாதிரி ஓர் இரும்பு வாடை. இதைக் குடிக்கவா ராஜாக்கள் கப்பலேறி வந்தார்கள்? ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு பாட்டி டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார்.