அம்மாவின் ஆறு மா

எங்கள் வீட்டில் உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது எங்கள் கிறிஸ்தவ சபையின் கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை. அறுப்பின் பண்டிகை வந்தால் முதல் கதிர்க்கட்டு, ஒரு சேவல், கொல்லையில் காய்த்த பரங்கிக்காய். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நாங்கள் கொடுத்த சேவலை அப்பாவே கூடுதல் விலைக்கு ஏலம் கேட்டு வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த வருடமும் உண்டு. காசாகக் கொடுத்ததைவிடப் பொருளாகக் கொடுத்ததுதான் எங்களுக்குப் பழக்கம்.

அதனால் 2023 பிப்ரவரியில், சம்பா அறுவடை முடிந்த வாரத்தில், "ஆறு மாவையும் சபைக்கு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன், பாப்பா" என்று அம்மா சொன்னபோது நான் திகைக்கவில்லை. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அம்மா சிறு வயதில் தரங்கம்பாடியில் விடுதியில் தங்கிப் படித்தவர். "அங்க நான் தின்ன சோறு யாரோ குடுத்த நெல்லு" என்பார். இந்த நிலத்தின் வருமானம் சபை நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதிக்குப் போக வேண்டும். அவருடைய விருப்பம் அவ்வளவுதான். ஒரு நாள் பதிவு அலுவலகம் போனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். 20 மாதம் ஆயிற்று. இதே எண்ணத்தில் இருக்கும் குடும்பங்கள் டெல்டாவில் நிறைய உண்டு என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் அதிர்ச்சி, அது முழுக்க அம்மாவின் நிலமே இல்லை என்பது. அப்பா 2011இல் உயில் எழுதாமல் இறந்தார். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நாங்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. அம்மா காலமெல்லாம் "என் நிலம்" என்று சொல்லிவந்ததில் காகிதப்படி அவருக்கு உரியது இரண்டே மா. நாங்கள் மூவரும் எங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி அம்மாவுக்குக் கொடுத்து, பிறகு அவர் எழுதுவது ஒரு வழி. வழக்கறிஞர் இன்னொன்று சொன்னார். நான்கு பேருமே கொடையாளிகளாக ஒரே தான பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், ஒரு பதிவுச் செலவு மிச்சம். அதையே செய்தோம். கொடுத்தவர்களில் நாங்களும் இருந்தது அம்மாவுக்கு நிலத்தைக் கொடுத்ததைவிடப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் பட்டா. அது இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது, இனிஷியலும் தப்பு. 1980களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்து யு.டி.ஆர். பதிவேடு எழுதியபோது நேர்ந்த பிழை. தாத்தா 1974இல் இறந்தார், யாரும் பதிவு செய்யவில்லை. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, வாரிசுச் சான்று இல்லாமல் பட்டா மாறாது. ஓராண்டு கடந்த இறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். காப்பாற்றியது எங்கள் கோயிலின் அடக்கப் பதிவேடு. ஓரம் அரித்துப்போன நோட்டில் பெயர், வயது, அடக்கம் நடந்த தேதி, நடத்திய ஆயரின் கையெழுத்து. அதைப் பார்த்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் சபையில் இப்படிப் பழைய நோட்டுகள் இருந்தால் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள்.

வில்லங்கச் சான்று எடுத்தபோது 1989இல் அப்பா வாங்கிய பயிர்க் கடனின் அடமானம் அப்படியே நின்றது. கடன் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று, அடமானத்தை ரத்து செய்யும் பத்திரத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. அந்தப் பழைய ரசீதை அம்மா வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்ததால் தப்பித்தோம். கணக்குப் புத்தகம் இல்லை என்று கடன் கொடுத்த இடத்தில் ஐந்து மாதம் அலைய விட்டார்கள்.

இதற்கு நடுவில் 2023 நவம்பரில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது அப்போதுதான். தானம் என்பது கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். அதனால் பாதுகாப்புக்கு அம்மா தன் பங்குக்கு ஓர் உயில் எழுதினார். உறவுக்காரர் ஒருவர், கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுதினால் ஒரு வருடம் உயிரோடு இருந்தால்தான் செல்லும் என்று கிளப்பிவிட்டார். அப்படி ஒரு கட்டுப்பாடு, வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆவது பிரிவில், உண்மையிலேயே இருந்தது. 2003இல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இன்றும் பலர் பழைய சட்டத்தையே சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

சபைப் பக்கம் ஒரு யோசனை வந்தது: "இப்போதைக்கு ஆயர் பேரிலேயே பத்திரம் போட்டுடுங்கம்மா, பின்னாடி மாத்திக்கலாம்." நல்ல மனதோடு சொன்னதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயர்கள் சில வருடத்தில் மாறிப் போவார்கள், அவர்களுக்கும் வாரிசுகள் உண்டு. சபையின் சொத்துகள் எந்தப் பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் இருக்கின்றனவோ அதன் பெயரில்தான் எழுத வேண்டும். அதற்குச் சபைக் கமிட்டி தீர்மானம், மேலே சொத்துக் குழுவின் தீர்மானம், கையெழுத்துப் போட வருபவருக்கு அதிகாரப் பத்திரம் என்று வரிசையாக வேண்டும். ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் வீண் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

பத்திர வாசகத்தில் அம்மா இரண்டு கேட்டார். "விக்கவே கூடாதுன்னு எழுதுங்க. தப்பா நடந்தா நான் திருப்பி வாங்கிக்குவேன்னும் எழுதுங்க." இரண்டும் முடியாது என்றார் வழக்கறிஞர். விற்பதற்கு முழுத் தடை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. கொடுப்பவர் நினைத்தபோது திரும்பப் பெறலாம் என்று எழுதினால் தானமே செல்லாது. ஆனால் வருமானம் இன்ன நோக்கத்துக்கு என்று தெளிவாக எழுதலாம். பெண்பிள்ளைகள் விடுதிச் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் என்று எழுதினோம். தன் ஆயுள்வரை விளைச்சலைத் தானே அனுபவிக்கும் உரிமையை அம்மா வைத்துக்கொண்டிருக்கலாம். "குடுத்தபிறகு எனக்கு எதுக்கு?" என்று வேண்டாம் என்றுவிட்டார்.

குத்தகைக்காரர் விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தில் உழுபவர். நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அளக்க ஆள் வந்ததும் அவர் முகம் செத்துவிட்டது. "அக்கா, என்னை எழுப்பிடுவாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நான் தங்கை முறை, ஆனாலும் அப்படிக் கூப்பிட்டார். 1952இல் தஞ்சைக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த மண் இது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நிலம் கைமாறியதற்காக மட்டும் அவரை வெளியேற்றிவிட முடியாது. இருந்தாலும் சட்டத்தை நம்பி விட்டுவிட அம்மாவுக்கு மனசில்லை. சபைக் கமிட்டியிடம் நேரில் போய், "அவன் வயித்துல அடிச்சுக் குடுக்கிற காணிக்கையை ஆண்டவர் ஏத்துக்க மாட்டார்" என்றார். அவருடைய சாகுபடி உரிமைக்கு உட்பட்டே நிலம் தரப்படுகிறது என்று பத்திரத்தில் ஒரு பத்தி சேர்த்தார்கள். பத்திரத்தில் எனக்குப் பிடித்த பத்தி அது.

அபுதாபியில் இருக்கும் தம்பி வர முடியவில்லை. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பினான். இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பொதுவாக "சொத்தைக் கவனிக்க" என்று எழுதினால் போதாது, தானம் கொடுக்க என்று குறிப்பாக இருக்க வேண்டும். முதலில் வந்தது அப்படி இல்லாததால் இரண்டாவது தடவை அனுப்பினான். வரிக் கழிவு கிடைக்குமா என்றும் கேட்டான். கிடையாது. அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு தந்த 80ஜி பிரிவு பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான். தானமாகக் கொடுப்பதால் மூலதன ஆதாய வரியும் இல்லை.

செலவு? குடும்பத்துக்குள் எழுதும் சலுகை சபைக்குப் பொருந்தாது. நிலத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 12 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,08,000 ரூபாய். சபை கட்டுவதாகச் சொன்னது. "நெல்லைக் குடுத்துட்டு வண்டிக் கூலிய அவங்ககிட்ட கேக்கறதா?" என்றார் அம்மா. நாங்கள் மூவரும் பகிர்ந்துகொண்டோம்.

2024 அக்டோபரில் ஒரு மழை நாளில் பதிவு நடந்தது. இரண்டு சாட்சிகளில் ஒருவர் குத்தகைக்கார அண்ணன். பட்டா மாற இன்னும் இரண்டு மாதம்.

அடுத்த பிப்ரவரியில் குத்தகை நெல் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வராமல் விடுதிக்குப் போனது. அதற்கு முன்தினமே அம்மா அண்ணனுக்குப் போன் போட்டார். "என்ன ரகம் அனுப்புறே?" சி.ஆர். 1009 என்றார் அவர். "அது இட்லிக்குத்தான் நல்லாருக்கும் தம்பி. புள்ளைங்க தினம் சோறு திங்கணும். பி.பி.டி. போட்டியே மேல வயல்ல, அதுலேர்ந்து அள” என்றார் அம்மா. அவர் அதையே அளந்து அனுப்பினார்.