செதில் நிமிர்ந்த மீன்: நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 8, சனிக்கிழமை, யாழ்ப்பாணம்

மகள் முன்பள்ளிக்குப் போன காலத்தில் வாங்கிய ஒராண்டாத் தங்கமீன் தொட்டியின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் வயிறு சற்றுப் பருத்திருப்பதாக மட்டுமே தோன்றும். மேலிருந்து பார்த்தபோதுதான் செதில் ஒவ்வொன்றும் உடலை விட்டு நிமிர்ந்து, அன்னமுன்னாப் பழத்தின் தோல்போல் மேடும் பள்ளமுமாக நிற்பது தெரிந்தது. கண்கள் புடைத்திருக்கின்றன. நீரைச் சோதித்தேன், அமோனியாவும் இல்லை, நைத்திரைற்றும் இல்லை. உடனிருக்கும் இரண்டு மீன்களும் நலமாகவே நீந்துகின்றன.

இந்த வீக்கம் தனியொரு நோயன்று, உள்ளே நேர்ந்துவிட்ட பழுதின் அடையாளம். நன்னீர் மீனின் உடலில் வெளிநீரைவிட உப்புச் செறிவு அதிகமாக இருப்பதால், பூக்களின் (செவுள்களின்) வழியாக நீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டிருக்கும். சிறுநீரகமும் அதை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஏரோமோனஸ் போன்ற பற்றீரியாக்களாலோ, கட்டியாலோ, வேறு காரணத்தாலோ சிறுநீரகம் தளர்ந்துவிட்டால், புகுந்த நீர் வெளியேற வழியின்றி உடலுக்குள்ளேயே தேங்கிச் செதில்களைத் தள்ளி நிமிர்த்துகிறது. செதில் நிமிர்ந்த பிறகு பிழைக்கும் மீன்கள் குறைவு. அது தெரிந்தும், முயலாமல் விட எனக்கு மனமில்லை.

பெப்ரவரி 10, திங்கட்கிழமை

மிருக வைத்தியரிடம் போனேன். மாடும் ஆடும் நாயுமே அவரிடம் வழக்கமாக வருபவை. ஆயினும் கைப்பேசியில் நான் எடுத்துச் சென்ற படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பேராதனையில் தன்னோடு படித்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே மருந்து எழுதித் தந்தார். அந்தப் பொறுப்புணர்வை நான் மறக்கமாட்டேன்.

அவர் சொன்னவற்றுள் ஒன்றை இங்குள்ள மீன் வளர்ப்பாளர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறும் நீரைத் தருபவை. அந்த நீரில் கல்சியம் மிகுதி. ஒட்சிரெற்றாசைக்கிளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கல்சியமும் மக்னீசியமும் பற்றிக்கொள்வதால், அவற்றைத் தொட்டி நீரில் கரைத்துவிட்டால் பெரும்பகுதி பயனற்றுப் போய்விடும். ஆகவே மருந்தை இரையில் கலந்தே கொடுக்கச் சொன்னார். வீக்கத்தைக் குறைக்க, தனிப் பாத்திரத்தில் அவர் சொன்ன அளவில் எப்சம் உப்புக் கரைத்து மீனை அதில் விட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 13, வியாழக்கிழமை

இரையைத் தொடவில்லை. வாயருகே கொண்டுபோனால் ஒருமுறை உள்ளே இழுத்து அப்படியே வெளியே தள்ளுகிறது. இரை உண்ணாத மீனுக்கு இரையில் கலந்த மருந்தால் என்ன பயன்? வீக்கம் வற்றவில்லை; இன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தும் கிடக்கிறது.

இதைத் துன்பமின்றி முடித்துவைப்பதே சரியென்று நினைப்பதாக அம்மாவிடம் சொன்னேன். "உயிரை எடுக்கிறது எங்கடை வேலையில்லை, தம்பி. அது தன்ரை பாட்டிலை போகட்டும்" என்றார். வாழ்நாள் முழுவதும் சைவமாக இருந்தவரின் சொல் அது. எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. ஆனால் தன் பாட்டில் போவது என்பது இந்த மீனுக்கு நாட்கணக்கான தவிப்பு. குளத்தில் இருந்திருந்தால் ஒரு கொக்கு வந்து முடித்திருக்கும். கண்ணாடிக்குள் வைத்து அதைக் காப்பாற்றி வந்தவர்கள் நாங்கள். ஆகவே அந்தத் தவிப்பை நீளவிடுவதும் எங்கள் செயலாகவே ஆகிறது.

மீனுக்கு நோவு தெரியாது என்று உறவினர் ஒருவர் இடையில் சொன்னார். 2003 ஆம் ஆண்டு லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளர் ஸ்கொட்லாந்தில் செய்த ஆய்வுகளில், உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட ட்ரவுட் மீன்கள் உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன, இரையைத் தவிர்த்தன. மோர்பின் கொடுத்தபோது அந்த நடத்தை குறைந்தது. கத்தத் தெரியாத உயிர் என்பதற்காக நோவில்லாத உயிர் என்று சொல்லிவிட முடியாது.

பெப்ரவரி 15, சனிக்கிழமை

முடிவெடுத்துவிட்டோம். வைத்தியரும் ஒப்புக்கொண்டார்.

ஐஸ் பெட்டிக்குள் வைக்கும்படியும், குளத்தில் விட்டுவிடும்படியும், வெளியே எடுத்துப் போட்டால் சற்று நேரத்தில் போய்விடும் என்றும் பலர் சொன்னார்கள். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டி, மயக்கமுறாத மீனை மெல்லக் குளிரச்செய்வது, உறையவைப்பது, நீருக்கு வெளியே மூச்சடைக்க விடுவது, மலசலகூடத்தில் ஊற்றுவது ஆகிய எதையும் ஏற்கவில்லை. தங்கமீனைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியமானது: ஒட்சிசன் அற்றுப்போகும்போது இலற்றிக் அமிலத்தை மதுசாரமாக மாற்றிப் பூக்கள் வழியாக வெளியேற்றி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. மற்ற மீன்களுக்குக் கொடுமையானது இதற்கு இன்னும் நீண்ட கொடுமையாகிவிடும்.

எங்களுக்கு எட்டக்கூடிய நல்ல வழி கராம்பு எண்ணெய். அதிலுள்ள இயூஜினோல் மீனை முதலில் மயக்கி, அளவு கூடும்போது மூச்சை நிறுத்துகிறது. மருந்துக்கடையில் பல்வலிக்கு விற்கும் போத்தலையே வாங்கினேன். வேறெண்ணெய் கலவாதது என்று பார்த்து வாங்க வேண்டும்.

பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை

அகன்ற பாத்திரத்தில் மீன் ஏற்கெனவே இருந்த நீரையே எடுத்தேன், புதிய நீர் அதைக் கலவரப்படுத்தக்கூடாது என்பதற்காக. கராம்பு எண்ணெய் நீரில் தானாகக் கரையாது. சிறிய போத்தலில் இளஞ்சூட்டு நீரோடு சேர்த்துப் பால்போல் வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். முதலில் அதில் கொஞ்சத்தை மட்டும் மெல்ல ஊற்றிக் கலந்தேன். மீன் ஒருமுறை வேகமாக வாலை அடித்தது, பிறகு அடங்கியது. சிறிது நேரத்தில் பக்கவாட்டில் சரிந்தது. வாலின் அடியை விரலால் அழுத்தியபோது எந்த அசைவும் வரவில்லை. அதன் பின்னரே, லீற்றருக்கு 0.4 மில்லிலீற்றர் என்ற முழு அளவுக்கு மீதியைச் சேர்த்தேன்.

பூமூடியின் (செவுளை மூடியிருக்கும் தகட்டின்) அசைவு இடைவெளி விட்டு விட்டு வந்து, நின்றது. அவசரப்படக்கூடாத இடம் இதுதான். பூமூடி நின்ற பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் நல்ல நீர் பட்டால் மீன் மீண்டும் விழித்துக்கொள்ளவும் கூடும். அசைவு நின்றதிலிருந்து குறைந்தது 30 நிமிடங்கள் அதே நீரில் விடவேண்டும் என்கிறது வழிகாட்டி. நான் அதைவிட நெடுநேரம் விட்டிருந்தேன்.

மகள் அருகில் இருக்க விரும்பினாள், நான் தடுக்கவில்லை. அம்மா வாசலில் நின்று, "தவிக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நாயும் காகமும் கிளறாத ஆழத்தில், கிணற்றிலிருந்து எட்ட, வேலியோரம் புதைத்தோம்.

பெப்ரவரி 22, சனிக்கிழமை

மற்ற இரண்டு மீன்களும் நன்றாக இரை எடுக்கின்றன. செதில்கள் படிந்தே இருக்கின்றன. மீன்களைத் தாக்கும் மைக்கோபற்றீரியாவும் இப்படி வீக்கத்தை உண்டாக்கலாம்; அது கையிலுள்ள காயத்தின் வழியாக மனிதரின் தோலிலும் தொற்றக்கூடியது. அதனால் கையுறையோடுதான் தொட்டி வேலை செய்கிறேன். வலையை 70 சதவீத மதுசாரத்தில் தோய்த்து வெயிலில் காயவிட்டிருக்கிறேன். இன்னொரு ஒராண்டா வாங்கலாமா என்று மகள் கேட்டாள். இந்த இரண்டையும் சித்திரை வரை கவனித்துவிட்டுப் பார்ப்போம் என்று சொன்னேன், ஒப்புக்கொண்டாள்.