மூணு அஞ்சு புத்தகம்

அட்டையில் 555 என்று அச்சடித்த அந்தச் சின்னப் புத்தகத்தை உங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. உள்ளங்கையில் அடங்கிவிடும், சட்டைப் பைக்குள் போகும். நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அதற்கு மூணு அஞ்சு புத்தகம் என்று பேர். போன மாதம் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் கடைத்தெருவில் பேனா வாங்கப் போன இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னும் விற்கிறது! ஒன்று வாங்கி வந்து மேசையில் வைத்தேன். நம் பள்ளி முன்னாள் மாணவர்களின் மெல்பர்ன் கிளை மலருக்கு என்ன எழுதுவது என்று அப்போதுதான் தெரிந்தது.

மலர்க் குழு கேட்டது ஆசிரியர்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும்தான். அவற்றை மற்றவர்கள் எழுதுவார்கள். 1974-இல் நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது தோட்டமே கடையை விட்டது நினைவிருக்கிறதா? அதைத்தான் எழுதுகிறேன். புறக்கணிப்பு என்ற சொல் அன்று நமக்குத் தெரியாது. "கடையை விட்டாச்சு" என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள்.

பிறகு வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் இருந்தது ஒரே கடை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில், தோட்டத்து நிலத்திலேயே இருந்தது. குடும்பத்துக்கு ஒரு மூணு அஞ்சு புத்தகம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு, பால் டின் என்று எதை வாங்கினாலும் கடைக்காரர் அதில் எழுதிக் கொடுப்பார். சம்பள நாளன்று ஆபீசுக்கு வெளியே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா ஆபீஸ் ஜன்னலில் கைநாட்டு வைத்துச் சம்பளத்தை வாங்குவார். பத்தடி நடப்பார். பாதிக்கு மேல் அந்த மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

கணக்குப் பாடம் எடுத்த சார் ஒரு திங்கட்கிழமை, "நாளைக்கு எல்லாரும் வீட்டிலிருந்து மூணு அஞ்சு புத்தகத்தைக் கொண்டு வாங்க" என்றார். பணக் கூட்டல் பழகுவதற்கு என்றுதான் சொன்னார். மறுநாள் பதினான்கு பேர் கொண்டு வந்தோம். ஒரு மாதத்துக் கணக்கை எடுத்துக் கூட்டச் சொன்னார். எங்கள் புத்தகத்தில் எண்ணெய்க் கறை படிந்து எண்கள் மங்கியிருந்தன. 3 எது 8 எது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று முறை கூட்டியும் கடைக்காரர் போட்டிருந்த தொகை 2 வெள்ளி 40 காசு கூடுதலாகவே வந்தது. அம்மாவின் அரை நாள் கூலிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு. பதினான்கில் ஒன்பது புத்தகங்களில் கூட்டல் பிசகு. அதில் ஒன்றில் மட்டும் கடைக்காரருக்கு நஷ்டம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எழுந்து "இது தப்பு சார்" என்று சொன்னது யார் தெரியுமா? கடைக்காரரின் மகள். வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். அவள் வீட்டில் மூணு அஞ்சு புத்தகம் எதற்கு? அதனால் பக்கத்தில் இருந்த பெண்ணின் புத்தகத்தை வாங்கிக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் அப்பாவின் கையெழுத்து என்று தெரிந்தும் சொன்னாள். சார் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "சரி, சரியான தொகையைப் பக்கத்தில் பென்சிலில் எழுதி வீட்டில் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் எல்லா விலையும் ஏறிக் கிடந்தது. ரப்பர் விலையோ இறங்கிக்கொண்டே போனது. தோட்டக் கூலியும் ரப்பர் விலையோடு கட்டிப்போட்டதுதான். சில மாதங்கள் கழித்து, நவம்பரில், நம் கெடாவிலேயே பாலிங்கில் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். டிசம்பரில் கோலாலம்பூரில் அவர்களுக்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பின்னாளில் பிரதமரான அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டது அப்போதுதான். வயிறு காய்ந்தது நமக்கு மட்டும் இல்லை என்று அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

பென்சிலில் எழுதிய எண்களை வைத்துக்கொண்டு பெண்கள்தான் முதலில் பேசினார்கள். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் இருட்டில் பேசி, ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் பேசி, அந்தச் சம்பளத்தோடு கடையை விட்டார்கள். நான்கு மைல் சைக்கிள் மிதித்து பீடோங்குக்குப் போனார்கள். பிறகு வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, யாரோ ஒருவரின் உறவினர் லாரியில் அரிசியும் சீனியும் மூட்டையாக வந்து இறங்கின. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைத் திண்ணையில் சாக்கு விரித்து, இரவல் வாங்கிய தாச்சிங் தராசில் கட்டி கட்டியாக நிறுத்துப் பிரித்தார்கள். ஒரு கட்டி என்பது 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தராசுக் கோல் நேராக நிற்கிறதா என்று பார்க்க என் அம்மா முகத்தை அதற்கு இணையாகக் கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். நான் தாளில் பெயர் எழுதி டிக் போடுவேன். அந்தத் திண்ணையில் படித்த கணக்கு இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டரை மாதம் தாக்குப்பிடித்தது. கடைக்காரர் விலைப்பலகை மாட்டினார். ஒரு புத்தகம் வீட்டில், ஒரு புத்தகம் கடையில், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது என்று ஒத்துக்கொண்டார். ஜெயித்தோம். சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த இரண்டரை மாதம் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழவில்லை. கணவனை இழந்த ஒரு அக்கா மூன்று பிள்ளைகளோடு ஐந்தாம் லயத்தில் இருந்தார். கடையை விட்ட மறுநாளே பழைய பாக்கி மொத்தத்தையும் வை என்று கேட்டுவிட்டார்கள். அவரால் முடியவில்லை. இருட்டிய பிறகு பின்வாசல் வழியாகப் போய் வாங்கினார். மற்றப் பெண்கள் அவரைக் குழாயடியில் ஏசினார்கள். முதலில் அவருடைய பாக்கியை எல்லாரும் சேர்ந்து அடைத்திருக்க வேண்டும். கடையை விடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. இதை நான் ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தாத்தா இதற்கு முந்தைய புறக்கணிப்பைப் பார்த்தவர். 1947-இல் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. நேதாஜி படையில் பழகிய அணிவகுப்பும் கட்டுப்பாடும் அவர்களிடம் இருந்தன. கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். போலீஸ் வந்தது. கைது, சிறை, உயிர்ப்பலி வரை போனது. தாத்தா அதைச் சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார். கூலியைக் கையில் கொடுத்து அதே சாயங்காலம் கள்ளுக்கடை வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் படிக்காத தொழிலாளிகள் கண்டுபிடித்து, குடிக்க மாட்டோம் என்று நின்றார்களே, அதைவிடப் பெரிய அரசியல் பாடம் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. அப்புறம் படை தடை செய்யப்பட்டது, கடைகள் திறந்தன. பின்னாளில் கள்ளுக்குப் பதில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்து, கள்ளைவிட மோசமாகக் குடும்பங்களைத் தின்றது. கூலி வாங்கின சாயங்காலம் ஒரு ஆண் வேறு எங்கே போய் உட்காருவான் என்ற கேள்விக்கு யாரும் பதில் வைக்கவில்லை என்று தாத்தா சொல்வார்.

பால் டின் விஷயமும் அந்த மூணு அஞ்சு புத்தகத்தில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் அரிசிக்கு அடுத்த பெரிய தொகை அதுதான். அம்மா விடியுமுன் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போய்விடுவார். தம்பி ஆயாக் கொட்டகைத் தொட்டிலில், இனிப்புக் கட்டிப்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்த புட்டியோடு கிடப்பான். கொழுகொழு குழந்தைப் படம் போட்ட டின். அது சத்து என்று எல்லாரும் நம்பினோம். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-லேயே சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில், "பாலும் கொலையும்" என்று தலைப்பு வைத்து, இந்தப் பாலைக் குழந்தை உணவு என்று விற்பதைக் கண்டித்துப் பேசியதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லேக்கு எதிரான புறக்கணிப்பு தொடங்கியது. 1981-இல் உலக சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை கொண்டுவந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றுதான். நம் பக்கத்து பினாங்கில் எஸ். எம். முகமது இத்ரிஸ் பயனீட்டாளர் சங்கத்தை வைத்துக்கொண்டு, 2019-இல் கண்ணை மூடும் வரை, பாலும் சீனியும் சம்சுவும் ஏழை வயிற்றில் என்ன செய்கின்றன என்று பேசிக்கொண்டே இருந்தார். வெள்ளை ஜிப்பா போட்ட அந்த மனிதரை ஒருமுறை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கும்பிடத் தோன்றியது. ஆனால் நெறிமுறை வந்தாலும், பிரசவமான சில வாரத்தில் மரம் வெட்டப் போன தாய் எப்படிப் பால் கொடுப்பார்? அவருக்கு விடுப்பும் பக்கத்தில் ஒரு தொட்டிலும் வேண்டும். அதையும் சேர்த்துக் கேட்டவர்களைத்தான் நான் நம்புகிறேன்.

2011-இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடமாக வைத்த மலாய் நாவலைப் பற்றிச் சுங்கைப்பட்டாணியில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். நம்மவர்களைச் சாதிப் பெயரால் குறித்த சொல்லுக்காக நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்திருந்தது. கோபம் நியாயமான கோபம். ஆனால் மண்டபத்தில் முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது சில கைகள்தான் எழுந்தன. நான் இரவல் வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். என் கோபம் குறையவில்லை, ஆனால் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று சொல்ல முடிந்தது. அந்த வருடக் கடைசியில் புத்தகம் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லப் போகிறவர்கள் அதை வாசித்துவிட்டே சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இப்போது காசாவுக்காக நடக்கும் புறக்கணிப்பில் நானும் இருக்கிறேன். அந்தக் குழந்தைகளைப் பார்த்த பிறகு சில கடைகளின் வாசலை மிதிக்க மனம் வரவில்லை. 2024 மார்ச்சில், ஸ்டார்பக்ஸ் கடைகளை இங்கே நடத்தும் பெர்ஜாயா நிறுவனத்தைத் தோற்றுவித்த வின்சென்ட் டான், ஸ்டார்பக்ஸ் புறக்கணிப்பால் அடிபடுவது உள்ளூர் ஊழியர்கள்தான் என்று சொன்னார். முதலாளி சொல்கிறார் என்று தள்ளிவிட எனக்கு ஆசைதான். ஆனால் என் அக்கா பேத்தி ஒரு துரித உணவுக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ராத்திரி வந்து, "பாட்டி, நீங்க செய்யறது சரிதான். ஆனா என் மோட்டார் தவணையை யாரு கட்டுவா?" என்று கேட்டாள். ஐந்தாம் லயத்து அக்கா ஞாபகம் வந்தார். மூன்று மாதத் தவணையை நான் கட்டினேன். கடைக்கு இன்னும் போகவில்லை.

கடைக்காரர் மகளுக்கு வருகிறேன். அவள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய சிறுவர் இதழ்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. நம் பள்ளியில் நூலகம் என்று எதுவும் கிடையாது. ஒரு அலமாரி, அதற்கும் பூட்டு. நாம் கதை படித்ததெல்லாம் அவள் டின்னிலிருந்துதான். ஒரு நேரத்தில் ஒன்று; பக்கத்தை மடிக்கக் கூடாது; எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. இரவல் கணக்குக்கு அவளும் ஒரு மூணு அஞ்சு புத்தகம் வைத்திருந்தாள். பெயர், இதழ், தேதி எழுதி, திருப்பிக் கொடுத்ததும் சிவப்புப் பென்சிலில் கோடு போடுவாள்.

கடையை விட்ட மறுநாள் அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பெரியவர்கள் யாரும் நம்மிடம் அப்படிச் சொல்லவில்லை. நாமாகச் செய்தோம். விடுமுறை வரை அவள் தனியாகச் சாப்பிட்டாள். தப்பு என்று எழுந்து சொன்னதே அவள்தான் என்பதை நம்மில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கடை பழையபடி ஆன பிறகும் அந்தப் பெஞ்ச் பழையபடி ஆகவில்லை. வருடக் கடைசியில் அவளைப் பினாங்கில் உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆஸ்திரேலியா போனதாகக் கேள்விப்பட்டேன்.

அவளுடைய இதழ்த் தொகுதி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. ஆறு இதழ்களை ஊசி நூலால் தைத்து, பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டது. அவள் வீட்டுக்குப் போவது கடைக்குப் போவது ஆகிவிடும் என்பதால் அப்போது திருப்பிக் கொடுக்கவில்லை. தோட்டத்தை விற்று லயத்தை இடித்தபோதும், செம்பனைக் கன்று நட்டபோதும், நான் நான்கு வீடு மாறியபோதும் அது என்னோடு வந்தது. பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட மடியவில்லை.

மலர்க் குழுவினரே, அவளைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தால் முகவரியைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். கட்டித் தயாராக வைத்திருக்கிறேன். தபால் செலவு என்னுடையது.